அச்சமும் எதிர்நோக்கும்: ஒரு கிறிஸ்மஸ் தொலைக்காட்சிக் கதை சொல்வது என்ன?



1914ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். முதல் உலகப்போர் தொடங்கி ஐந்து மாதங்கள்கூட நிறைவடையவில்லை. பெல்ஜியம் நாட்டின் ஈப்ர் நகருக்கு அருகே, குண்டு விழுந்து உண்டான பள்ளம் ஒன்றில் இரண்டு படைவீரர்கள் எதிரெதிரே இருக்கிறார்கள். ஒருவர் பிரித்தானியப் படையின் கேப்டன். மற்றவர் ஜெர்மானியர். ஒருவரையொருவர் துப்பாக்கியால் குறிபார்த்தபடி இருக்கிறார்கள். இருவருக்கும் சுட விருப்பமில்லை. ஆனால் தான் துப்பாக்கியைத் தாழ்த்தினால் மற்றவர் சுட்டுவிடுவாரோ என்ற அச்சம் இருவருக்கும். உன்னைக் கொல்ல எனக்கு விருப்பமில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது.

இது வரலாற்று நூலில் வரும் நிகழ்ச்சி அல்ல. 2017ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று, கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நாளில், பிரித்தானியாவின் பிபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பிய 'டாக்டர் ஹூ' என்னும் அறிவியல் புனைகதைத் தொடரின் சிறப்பு நிகழ்ச்சியில் வரும் காட்சி. வேற்றுக்கோள், கால இயந்திரம் என்று போகும் ஒரு கதைக்கும் நம் கிறிஸ்மஸ் சிந்தனைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். அந்த ஒரு மணி நேரக் கதை, நாம் அடிக்கடி பேசினாலும் அதிகம் எண்ணிப் பார்க்காத ஒரு பண்பைத் தொடுகிறது. அதுதான் எதிர்நோக்கு.

தொடரும் அதன் நாயகரும்

'டாக்டர் ஹூ' தொடர் 1963ஆம் ஆண்டு நவம்பர் 23 அன்று தொடங்கியது. 1989இல் நிறுத்தப்பட்டு, 2005இல் மீண்டும் உயிர் பெற்றது. அந்த ஆண்டு முதல் 2017 வரை பதின்மூன்று ஆண்டுகள், ஆண்டுதோறும் கிறிஸ்மஸ் நாளில் ஒரு சிறப்பு நிகழ்ச்சி ஒளிபரப்பானது. விழா நாளில் உணவுக்குப் பிறகு குடும்பமாக அமர்ந்து அதைப் பார்ப்பது அங்கே பல வீடுகளில் வழக்கமாகிப் போனது.

தொடரின் நாயகர் டாக்டர் என்று மட்டுமே அழைக்கப்படுபவர். மனிதரைப் போலத் தோன்றினாலும் அவர் வேறொரு கோளைச் சேர்ந்தவர். நீல நிறக் காவல்துறைத் தொலைபேசிப் பெட்டி போன்ற தோற்றமுடைய 'டார்டிஸ்' என்னும் ஊர்தியில் காலத்தின் எந்தப் பக்கத்துக்கும் அவரால் போக முடியும். சாகும் நிலைக்கு வரும்போது அவர் உடல் முழுவதும் மாறி, புதிய முகமும் புதிய இயல்பும் கொண்ட ஒருவராக எழுவார்.

இந்த ஏற்பாடு ஒரு தேவையிலிருந்து பிறந்தது. முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் உடல்நலம் குன்றியதால் 1966இல் விலக வேண்டியிருந்தது. நடிகர் போனாலும் கதை தொடர வேண்டும் என்பதற்காக, நாயகரே உருமாறுகிறார் என்று எழுதினார்கள். ஒரு மனிதரின் நலிவிலிருந்து தோன்றிய அந்த யோசனைதான் தொடரை இத்தனை ஆண்டுகள் வாழ வைத்தது.

இறக்க மறுக்கும் இருவர்

2017 கிறிஸ்மஸ் சிறப்பு நிகழ்ச்சியின் பெயர் 'ட்வைஸ் அப்பான் எ டைம்'. ஒரே ஓர் ஊரிலே என்று நம் பாட்டிமார் கதை தொடங்குவதுபோல, ஆங்கிலத்தில் கதை தொடங்கும் சொற்றொடரைச் சற்றே மாற்றி, ஒருமுறை என்பதை இருமுறை என்றாக்கி வைத்த பெயர் இது. எழுதியவர் ஸ்டீவன் மோஃபட், இயக்கியவர் ரேச்சல் டலாலே. பன்னிரண்டாவது டாக்டராக நடித்த பீட்டர் கபால்டி விடைபெறும் கதையும் இதுவே.

கதை தென்துருவப் பனியில் தொடங்குகிறது. பன்னிரண்டாவது டாக்டர் படுகாயமுற்றிருக்கிறார். உருமாற்றம் நெருங்கிவிட்டது. ஆனால் அவர் அதைத் தடுத்து நிறுத்துகிறார். எத்தனை முறை மாறுவது, எத்தனை பேரை இழப்பது, போதும் என்ற களைப்பு அவருக்கு. அதே பனிவெளியில் இன்னொரு முதியவரைச் சந்திக்கிறார். அவர் வேறு யாருமல்ல. முதல் டாக்டர், அதாவது அவருடைய பழைய உருவமே. 1966இல் ஒளிபரப்பான கதையின் இறுதியில், தன் முதல் உருமாற்றத்தின் வாசலில் நின்ற அந்த முதியவர். ஹார்ட்னெல் 1975இல் இறந்துவிட்டதால், இங்கே டேவிட் பிராட்லி அந்த வேடத்தை ஏற்றிருக்கிறார். அந்த முதியவரும் மாற மறுக்கிறார். அவர் மறுப்பதற்குக் காரணம் களைப்பு அல்ல, அச்சம். இனி தான் யாராக இருப்போம் என்று தெரியாத அச்சம்.

ஒரே மனிதரின் இரண்டு முனைகள் ஒரே பனியில் நின்று, இறக்க மாட்டோம் என்கின்றன. அப்போது காலம் உறைந்து போகிறது. பெய்த பனி அந்தரத்தில் நிற்கிறது. எங்கிருந்தோ வழி தவறிய ஒருவர், முதல் உலகப்போர்ச் சீருடையில், அவர்கள் முன் வந்து நிற்கிறார். நாம் தொடக்கத்தில் பார்த்த அதே கேப்டன். மார்க் கேடிஸ் நடித்த பாத்திரம் அது.

தீயவர் இல்லாத கதை

அந்தக் கேப்டன் அங்கு வந்தது எப்படி? தூர எதிர்காலத்தில் வாழும் மக்கள் ஒரு பணியைச் செய்து வருகிறார்கள். அதன் பெயர் 'டெஸ்டிமனி'. சாட்சியம் என்று பொருள். ஒவ்வொரு மனிதரும் இறக்கும் நொடியில் காலத்தை நிறுத்தி, அவருடைய நினைவுகளைப் பிரதி எடுத்துக்கொண்டு, மீண்டும் அவரை அவருடைய நொடிக்கே திருப்பி அனுப்புகிறார்கள். கண்ணாடியால் ஆன உருவங்கள் வழியாக இறந்தவர்கள் மீண்டும் பேசலாம். ஈப்ர் பள்ளத்தில் இறக்கவிருந்த கேப்டனை அப்படி எடுத்துச் சென்று திருப்பி அனுப்பும்போது, இரண்டு டாக்டர்களும் இறக்க மறுத்ததால் ஏற்பட்ட காலக் குழப்பத்தில் அவர் தென்துருவத்தில் வந்து விழுந்துவிட்டார்.

பன்னிரண்டாவது டாக்டர் இதன் பின்னே ஏதோ ஒரு சதி இருப்பதாகவே எண்ணுகிறார். இத்தனை ஆண்டுகளாகத் தீயவர்களோடு போராடியவர் அல்லவா? தேடித் தேடி, கடைசியில் கண்டுபிடிப்பது என்னவென்றால், சதி எதுவும் இல்லை. யாரும் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. எதிரி இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் அவர் தடுமாறுகிறார்.

அன்பர்களே, இங்கு நாம் சற்று நின்று சிந்திக்கலாம். எதிரியை வைத்தே வாழ்க்கையை அளந்து பழகிவிட்டால், எதிரி இல்லை என்று தெரியும் நாளில் நமக்குக் கைகால் ஓடாது. பல குடும்பப் பகைகள் நீடிப்பதற்குக் காரணம் தீமை அல்ல, பழக்கமே.

எதிர்நோக்கு ஏன் அச்சம் தருகிறது?

கதையின் இதயம் கேப்டனிடம்தான் இருக்கிறது. பள்ளத்தில் இருந்தபோது சாவதற்கு மனதைத் தயார் செய்துவிட்டவர் அவர். பிறகு எதிர்பாராமல் காலம் நின்றது; வேறு உலகங்களைக் கண்டார்; ஒருவேளை பிழைத்துவிடலாமோ என்ற எண்ணம் தலைகாட்டியது. இப்போது மீண்டும் அந்தப் பள்ளத்துக்கே போகவேண்டும் என்னும்போது, முன்பு இருந்த துணிவு இல்லை. எதிர்நோக்கில் உள்ள சிக்கலே அதுதான், அது மனிதரை அஞ்ச வைத்துவிடுகிறது என்ற பொருளில் அவர் பேசுகிறார்.

எதிர்நோக்கு துணிவைத் தரும் என்றுதானே நாம் கேட்டிருக்கிறோம்? கேப்டன் சொல்வதும் உண்மையே. எதையும் எதிர்பார்க்காதவருக்கு இழக்க ஒன்றுமில்லை. மருத்துவர் கைவிரித்தபின் அமைதியாகிவிட்ட நோயாளி, புதிய சிகிச்சை ஒன்று இருக்கிறது என்று கேட்ட அன்றிரவு தூங்காமல் புரள்வதை நாம் கண்டிருக்கிறோம். பத்து ஆண்டுகள் பேசாத அண்ணன் பேச வருகிறார் என்று செய்தி வந்தால், தம்பிக்கு நெஞ்சு படபடக்கிறது. பேசமாட்டார் என்பது உறுதியாக இருந்தவரை அந்தப் படபடப்பு இல்லை.

நற்செய்தியாளர் லூக்கா விவரிக்கும் முதல் கிறிஸ்மஸ் இரவும் இப்படித்தான் தொடங்குகிறது. வயல்வெளியில் இருந்த இடையர்களுக்கு மகிழ்ச்சி வருமுன் வந்தது பேரச்சம். வானதூதர் முதலில் நீக்கியதும் அந்த அச்சத்தைத்தான். நல்ல செய்தி நெருங்கும்போது மனிதர் நடுங்குவது இறைவனுக்குப் புதிதல்ல. எனவே அஞ்சுகிறவருக்கு நம்பிக்கை இல்லை என்று நாம் தீர்ப்பிட வேண்டாம். அவர் உள்ளத்தில் எதிர்நோக்கு இன்னும் சாகவில்லை என்பதன் அடையாளமாகவும் அந்த அச்சம் இருக்கலாம்.

இரண்டு மணி நேரம்

கேப்டனை அவருடைய பள்ளத்தில் கொண்டுபோய் விட்டே ஆகவேண்டும். டாக்டருக்கு அதை மாற்ற வழியில்லை. பிரியுமுன் கேப்டன் ஒரு வேண்டுகோள் வைக்கிறார்: என் குடும்பத்தை எப்போதாவது போய்ப் பாருங்கள். குடும்பப் பெயரைக் கேட்கும்போது லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட் என்கிறார். இத்தொடரை நெடுநாள் பார்த்தவர்களுக்கு அது நெஞ்சைத் தொடும் பெயர். டாக்டரின் நெருங்கிய நண்பராக 1968 முதல் வந்த பிரிகேடியர் பாத்திரத்தின் பெயர் அது. அந்த நண்பரின் முன்னோர்தான் இந்தக் கேப்டன்.

கேப்டன் பள்ளத்துக்குத் திரும்புகிறார். நடந்தவை அவர் நினைவிலிருந்து நீங்கிவிடுகின்றன. காலம் மீண்டும் ஓடத் தொடங்குகிறது. அதே இரண்டு துப்பாக்கிகள், அதே அச்சம். பார்ப்பவர் மூச்சை அடக்கிக்கொள்ளும் அந்த நேரத்தில் தொலைவில் ஒரு பாடல் கேட்கிறது. ஜெர்மானியப் பதுங்குகுழியிலிருந்து 'சைலன்ட் நைட்' என்று நாம் அறிந்த கிறிஸ்மஸ் பாடல், அவர்கள் மொழியில். பிரித்தானியர் பக்கமிருந்தும் அதே பாடல் எழுகிறது. வீரர்கள் குழிகளை விட்டு வெளியே வருகிறார்கள். பள்ளத்தில் இருந்த இருவரும் துப்பாக்கியைத் தாழ்த்துகிறார்கள்.

டாக்டர் செய்தது என்ன? கேப்டன் திரும்பும் நேரத்தை ஓரிரு மணி நேரம் மட்டும் தள்ளி வைத்தார். அவ்வளவுதான். அவர் போரை நிறுத்தவில்லை. ஜெர்மானியரின் மனதை மாற்றவில்லை. வரவிருந்த ஓர் அமைதியின் வாசலில் ஒருவரைக் கொண்டுபோய் நிறுத்தினார். அமைதியை உண்டாக்கியவர்கள் அந்தக் குழிகளில் இருந்த சாதாரண வீரர்களே.

முன்னதாக முதல் டாக்டர், தன் பயணத்தின் காரணத்தைச் சொல்லும்போது ஒரு கேள்வி எழுப்புகிறார். நன்மை என்பது நடைமுறையில் இலாபமான வழி அல்ல. அது தியாகம் கேட்கும், அன்பு கேட்கும். அப்படியிருந்தும் தீமை முற்றிலும் வென்றுவிடவில்லையே, ஏன்? இதற்கான விடையை அவர் விண்மீன்களிடையே தேடினார். விடை ஒரு சேற்றுப் பள்ளத்தின் விளிம்பில் கிடைத்தது. அதைக் கண்டபின் அவர் தன் மாற்றத்தை ஏற்றுக்கொள்ளப் புறப்படுகிறார்.

வரலாற்றில் நடந்தது

இக்கதையில் கேப்டன் கற்பனை. டாக்டர் கற்பனை. ஆனால் அந்தப் பாடல் கற்பனை அல்ல.

1914 செப்டம்பரில் பொறுப்பேற்ற திருத்தந்தை 15ஆம் பெனடிக்ட், அந்த டிசம்பர் மாதத் தொடக்கத்தில், போரிடும் நாடுகள் கிறிஸ்து பிறப்பு நாளிலாவது துப்பாக்கிகளை ஓய வைக்க வேண்டும் என்று வேண்டினார். அரசுகள் அதற்கு இசையவில்லை. அதே டிசம்பர் 5ஆம் நாள், பிரித்தானியப் படைத்தொகுதி ஒன்றின் தளபதி ஹொரேஸ் ஸ்மித்-டோரியன், எதிரியோடு நட்புப் பாராட்டுவது போரிடும் மனநிலையைக் கெடுக்கும் என்று எச்சரித்து ஆணையிட்டார்.

மேலிருந்தவர்கள் மறுத்தது கீழே நடந்தது. டிசம்பர் 24 இரவு, பெல்ஜியத்திலும் வடக்குப் பிரான்சிலும் போர்முனையின் பல இடங்களில் ஜெர்மானிய வீரர்கள் பதுங்குகுழியின் விளிம்பில் சிறிய கிறிஸ்மஸ் மரங்களை வைத்து மெழுகுதிரி ஏற்றினார்கள். பாடினார்கள். எதிர்ப்பக்கமும் பாடியது. பொழுது விடிந்ததும் ஆயுதம் இன்றி இரு பக்கத்தாரும் நடுவெளியில் சந்தித்தார்கள். புகையிலையும் உணவும் சட்டைப் பொத்தான்களும் கைமாறின. சில இடங்களில் பந்து விளையாடியதாகவும் கடிதங்கள் கூறுகின்றன. ஏறத்தாழ 1,00,000 வீரர்கள் இதில் பங்கேற்றிருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு.

எல்லாவற்றுக்கும் மேலாக, இடையே பல நாட்களாகக் கிடந்த சடலங்களை அவர்கள் அடக்கம் செய்தார்கள். ஸ்காட்லாந்துப் படைப்பிரிவு ஒன்று இருந்த இடத்தில் இரு தரப்பாரும் சேர்ந்து நடத்திய அடக்க வழிபாட்டில், ஆண்டவரை ஆயராகக் காணும் 23ஆம் திருப்பாடல் ஆங்கிலத்திலும் ஜெர்மன் மொழியிலும் வாசிக்கப்பட்டது.

அந்த இரவில் பாடப்பட்ட பாடலுக்குச் சொற்களைத் தந்தவர் ஓர் ஆஸ்திரிய நாட்டு அருட்தந்தை. பெயர் யோசேப் மோர். அவர் 1816இல் எழுதிய வரிகளுக்குப் பள்ளி ஆசிரியர் ஃபிரான்ஸ் சேவியர் குரூபர் இசையமைக்க, 1818 டிசம்பர் 24 அன்று ஓபர்ண்டோர்ஃப் என்னும் சிற்றூரின் புனித நிக்கோலாஸ் ஆலயத்தில் அது முதன்முதலாகப் பாடப்பட்டது. ஒரு சிற்றூர் ஆலயத்துக்காக உருவான பாடல், 96 ஆண்டுகள் கழித்து, எதிரிகள் இருவருக்கும் தெரிந்த பொதுவான மொழியாயிற்று.

ஆயினும் உண்மையை முழுவதுமாகச் சொல்ல வேண்டும். அன்று எங்கும் எல்லாரும் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டதுபோல டாக்டர் கதையில் பேசுகிறார். வரலாறு அவ்வளவு இனிமையானது அல்ல. பல இடங்களில் அந்த நாளிலும் துப்பாக்கிகள் ஓயவில்லை. கிறிஸ்மஸ் நாளிலேயே இறந்தவர்களும் உண்டு. 1915இல் கடுமையான ஆணைகளால் அத்தகைய அமைதி அந்த அளவில் மீண்டும் நிகழவில்லை. போர் 1918 நவம்பர் 11 வரை நீடித்து, ஏறத்தாழ ஒரு கோடி படைவீரர்களின் உயிரைக் குடித்தது. டிசம்பர் 25 அன்று கைகுலுக்கியவர்களில் எத்தனை பேர் பின்னர் ஒருவர் குண்டுக்கு ஒருவர் பலியானார்களோ, இறைவனுக்கே தெரியும்.

அப்படியானால் அந்த ஒரு நாள் வீணா? இல்லை. அமைதி முடியாத காரியம் என்று சொன்னவர்களுக்கு அந்த நாள் விடை சொல்லிவிட்டது. அது முடியும்; நாம்தான் அதைத் தொடரவில்லை. முதலில் தலையை வெளியே நீட்டிய வீரர் யார் என்று நமக்குத் தெரியாது. அவர் அஞ்சாதவராக இருந்திருக்க முடியாது. அஞ்சிக்கொண்டே வெளியே வந்தார்.

நினைவுகள் மட்டும்தானா நாம்?

கதையின் இன்னொரு கேள்வியையும் தவிர்க்க இயலாது. டாக்டரின் மாணவியாகவும் தோழியாகவும் இருந்த பில் என்னும் பெண், கண்ணாடி உருவத்தில் நினைவுகளின் தொகுப்பாக வருகிறார். நீ உண்மையான பில் அல்ல என்று டாக்டர் தயங்கும்போது, எந்த மனிதரும் நினைவுகள் அன்றி வேறென்ன என்று அவர் கேட்கிறார்.

அழகான கேள்விதான். இறந்தவர் ஒருவரும் மறக்கப்படக் கூடாது என்ற ஏக்கம் அதில் இருக்கிறது. நவம்பர் 2 அன்று கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றும் நமக்கு அந்த ஏக்கம் புரியும். ஆனால் நம் நம்பிக்கை இன்னும் ஒரு படி மேலே போகிறது. முதுமையில் தன் பிள்ளையின் பெயரையே மறந்துபோன தாய், தாய் அல்லாமல் போய்விடுகிறாரா? நினைவு அழிந்தாலும் ஆள் அழிவதில்லை. நாம் நினைவில் வைத்திருப்பவற்றால் அல்ல, நம்மை நினைவில் வைத்திருப்பவரால் நாம் வாழ்கிறோம். திருச்சபை அறிக்கையிடும் உயிர்ப்பு, நினைவுகளின் சேமிப்பு அல்ல. முழு மனிதரும் எழுப்பப்படுவது.

நமக்கு

கதையின் முடிவில் பன்னிரண்டாவது டாக்டரும் தன் மாற்றத்தை ஏற்கிறார். தனக்குப் பின் வருபவருக்கு, அன்போடும் இரக்கத்தோடும் நடந்துகொள்ளச் சொல்லும் அறிவுரைகளை விட்டுச் செல்கிறார். அவர் இடத்தில் ஜோடி விட்டேக்கர் எழுகிறார். டாக்டராக நடித்த முதல் பெண் இவர். எழுந்த சில நொடிகளில் டார்டிஸ் நிலைகுலைந்து அவரை வெளியே வீசி எறிகிறது. புதிய வாழ்வு வசதியாகத் தொடங்கும் என்று யாரும் வாக்களிக்கவில்லை.

அன்பு இறைமக்களே, உலகப் போர்களை நிறுத்தும் ஆற்றல் நம்மில் பெரும்பாலோருக்கு இல்லை. ஆனால் ஓரிரு மணி நேரத்தைத் தள்ளி வைக்க நம்மால் முடியும். கோபத்தில் சொல்லவிருந்த சொல்லை இன்றிரவு சொல்லாமல் இருப்பது, மனம் உடைந்த ஒருவரைத் தனியே விடாமல் பொழுது விடியும்வரை அருகில் இருப்பது, ஒரே ஆலயத்தில் ஒரே திருப்பலிக்கு வந்து பேசாமல் திரும்பும் இருவரை ஒரே மேசையில் அமர வைப்பது. பாடலை நாம் உண்டாக்க வேண்டியதில்லை. அது கேட்கும் தொலைவுக்கு ஒருவரைக் கூட்டிச் சென்றால் போதும்.

அப்போதும் அச்சம் இருக்கும். இடையர்களுக்கும் இருந்தது. அஞ்சிக்கொண்டேதான் அவர்கள் பெத்லகேமுக்கு நடந்தார்கள். நம் கையில் உயர்த்திப் பிடித்திருப்பது எதுவாக இருந்தாலும், அதை முதலில் தாழ்த்துபவராக நாம் இருக்கும் வரத்தை, பாலனாகப் பிறந்த அமைதியின் அரசரிடம் கேட்போம்.